விருந்தினருக்காகக் கழுவிய குளம்

என் தங்கையின் மகள் குளிர்நாடொன்றின் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் கற்பிப்பவள். சென்ற ஆண்டு ஆவணியில் அவள் யாழ்ப்பாணத்தை அடுத்த தீவிலுள்ள எங்கள் ஊருக்கு வந்தாள். தேர்த்திருவிழாவுக்காக வரவில்லை. பூட்டிக் கிடக்கும் தகப்பன் வீட்டுக்கு விலை பேசவும் வரவில்லை. எங்கள் குளத்தின் அடியில் கோடைதோறும் படியும் கறுத்த பாசியைப் பார்க்க வந்தாள். இதனை ஊராருக்கு விளங்கவைக்க நான் பட்ட பாடு, வகுப்பறையில் என் வாழ்நாளெல்லாம் பட்ட பாட்டிலும் பெரிது.

குளத்தைப் பற்றி முதலிற் கூறிவிடுகிறேன். புளியங்கூடலைக் கடந்து சரவணைப் பக்கமாகச் செல்லும்போது வலப்புறம் தெரியும். கோயிலுக்கு உரியது. ஒருபுறம் வயல், மறுபுறம் கடலேரி. மாரியில் வெள்ளம் நிறைந்து மாடுகள் விரும்பிக் குடிக்கும் நன்னீராக இருக்கும். பங்குனி கழிய வற்றத் தொடங்கும். நிலத்தினடியால் கடல்நீர் ஊறும். ஆடியில் நாவில் வைக்க இயலாத உவர். ஆவணியில் விளிம்பெங்கும் வெண்ணிற உப்புப் பொருக்கு. அதன்கீழே செருப்புக்கு வெட்டியெடுக்கலாம் போன்ற தடிப்பில் கரும்பச்சைத் தோலொன்று. ஐப்பசி மழை விழுந்ததும் அத்தோல் நெகிழ்ந்து நீரோடு கலந்து மீண்டும் பச்சையாகிவிடும்.

ஊரார் அதனை ஊத்தை என்பர். இன்றைய பாடநூல் சயனோபற்றீரியா என்கிறது. பணிக்காலத்தில் அறிவியற் பாடநூல்களைத் தமிழாக்கும் குழுவொன்றில் இருந்தவன் நான். நாங்கள் அதற்கு நீலப்பசும் பாசி என்று பெயரிட்டிருந்தோம். பின்னர், அது பாசியே அன்று, பற்றீரியாக்களின் ஓர் இனம் என்று அறிவியல் தன்னைத் திருத்திக்கொண்டது. அறிவியல் திருத்திக்கொள்ளட்டும். நான் நீலப்பசும் பாசி என்றே எழுதுவேன்.

வருவதற்கு முன் மருமகள் தொலைபேசியில் என்னிடம் கேட்ட முதற் கேள்வி இது.

"மாமா, அந்தக் குளம் இன்னும் வருசா வருசம் உப்பாகுதோ?"

"ஓம் பிள்ளை. இஞ்சை ஒழுங்காய் நடக்கிறது அது ஒண்டுதான்."

"அப்ப அந்தக் கறுத்த படை?"

"அதுவும் கிடக்கு. உனக்கென்னத்துக்கு அது?"

அவள் சொன்னதை என் மொழியில் தருகிறேன். உயிர்க்கலம் ஒவ்வொன்றையும் ஒரு மென்சவ்வு போர்த்தியிருக்கிறது. வெளிநீரில் உப்பேறினால் இரண்டு கேடுகள் நேரும். கலத்தின் நீர் வெளியே இழுபடும். சோடியம் உள்ளே புகும். பெரும்பாலான உயிர்கள் இவ்விடத்தில் மாண்டுபோகும். நீலப்பசும் பாசிகளுள் சில மாளமாட்டா. நீரைப் பிடித்துவைக்கத் தமக்குள்ளே ஒருவகை இனிப்புப் பொருளை ஆக்கிக்கொள்ளும். மென்சவ்விற் பதிந்துள்ள நொதியங்களைப் பெருக்கி, புகுந்த சோடியத்தை வெளியே தள்ளும். தள்ளுவதற்கு ஆற்றல் வேண்டுமாதலால் மூச்சுக்குரிய நொதியத்தையும் அம்மென்சவ்விலேயே கூட்டும். மென்சவ்வின் கொழுப்புகூட மாறும். அது இறுகிப்போனால் நொதியங்கள் வேலை செய்யமாட்டா என்பதால் அதனை நெகிழ்வாக வைத்திருப்பதற்கும் தனி நொதியம் உண்டு. கடலில் வாழும் பாசி இவற்றை எப்போதும் செய்துகொண்டிருக்கும். நன்னீர்ப் பாசிக்கு இவை தேவையில்லை. ஆண்டுக்கொரு முறை நன்னீரிலிருந்து உவருக்கும் உவரிலிருந்து நன்னீருக்கும் போய்வரும் பாசி எவ்வாறு இந்நொதியங்களைக் கூட்டியும் குறைத்தும் சமாளிக்கிறது என்பதே அவளுடைய கேள்வி. அத்தகைய பாசி சிறுவயதில் அவள் கால்வழுக்கி விழுந்த எங்கள் குளத்தில் இருந்தது.

உப்பு உச்சத்தில் நிற்கும் ஆவணியிலே அதனை எடுக்கவேண்டும். யாழ்ப்பாண நகரத்து ஆய்வுகூடமொன்றில் இடமும் உரிய அனுமதியும் பெற்றிருந்தாள். அவளுடைய ஆய்வுக்குக் கிடைத்த நிதியுதவி அந்தக் கோடையோடு முடிகிறது. பாசி கிடைக்காவிட்டால் ஆய்வுகூடத்தையும் அதில் தன்னோடு பணிபுரிவோரையும் கலைத்துவிட்டு, பிறருடைய ஆய்வில் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எங்கள் குடும்பத்தில் அச்சத்தை அவ்வாறுதான் சொல்வது வழக்கம்.

இனிக் கோயிற்சபைத் தலைவரை அறிமுகப்படுத்த வேண்டும். தென்னிலங்கை நகரொன்றில் நெடுங்காலம் இரும்புக்கடை நடத்தியவர். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாடு. அவர் திரும்பி வந்து தலைவரானபின் கோயிலில் வெறுமையாக இருந்த பரப்பெல்லாம் உபயகாரர் பெயர்களால் நிரம்பிவிட்டது. மணியிலும் பெயர், மின்விசிறியிலும் பெயர். குளத்துக்கு இறங்கும் படிகளிலும் பெயர் வெட்டியிருப்பதால், கால் கழுவப் போகிறவர் யாரோ ஒருவரின் தகப்பனை மிதிக்காமல் இறங்க முடியாது.

அவர் ஒருநாள் தெருவில் என்னை மறித்தார்.

"மாஸ்டர், உங்கட மருமகள் டொக்டர் வாறாவாம். என்னத்துக்கு?"

"குளத்தைப் பார்க்க."

"எந்தக் குளத்தை?"

"எங்கட குளத்தைத்தான்."

தலைவர் குளம் இருந்த திக்கைப் பார்த்தார். பெண் பார்க்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்ட தகப்பனின் கலக்கம் அவர் முகத்தில் தெரிந்தது.

"உந்தக் கோலத்திலையோ பார்க்கப் போறா?"

"உந்தக் கோலத்தைப் பார்க்கத்தான் வாறா. ஒருத்தரும் தொடக்கூடாதாம்."

அவர் சிரித்தார். நான் அடக்கமாக ஏதோ சொல்கிறேன் என்று எண்ணிவிட்டார் என்பது அப்போதே எனக்கு விளங்கியது. ஆகையால் அவர் முன்னிலையிலேயே மருமகளைத் தொலைபேசியில் அழைத்து அவரிடம் கொடுத்தேன். அவள் தன் வாயாற் சொல்வது எனக்கும் கேட்டது.

"ஒண்டும் செய்ய வேண்டாம் அங்கிள். தொடவும் வேண்டாம். அப்பிடியே கிடக்கட்டும். பிளீஸ்."

தொலைபேசியைத் திருப்பித் தந்தபோது தலைவரின் கண்கள் கலங்கியிருந்தன.

"வளர்ப்பு, மாஸ்டர். அவ்வளவு படிச்ச பிள்ளை, எவ்வளவு பணிவு பாத்தீங்களோ. ஒண்டும் வேண்டாமாம்."

இவ்விடத்தில் எங்கள் தீவாரின் வழக்கமொன்றைச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்தவர் "ஒண்டும் வேண்டாம்" என்றால் இங்கே அடுப்பு மூட்டப்படும். "தேத்தண்ணி வேண்டாம்" என்றால் தேநீர் வரும். "சாப்பிட்டிட்டுத்தான் வந்தனான்" என்றால் சோறு வரும். "ஐயோ, ஏலாது" என்றால் இரண்டாம் முறையும் சோறு வரும். உண்மையாகவே பசியில்லாதவர் அதைத் தெரிவிப்பதற்கு எங்களிடம் வழியே கிடையாது. மறுப்பைச் சொற்படி எடுத்துக்கொள்பவன் பண்பில்லாதவன். நூற்றாண்டுகளாகப் பேணிய இந்தப் பண்பாட்டை அறிவியலின்பொருட்டு ஒருவர் கைவிடுவார் என்று எதிர்பார்த்தது பேராசை.

அதற்குப்பின் நான் கண்சத்திரசிகிச்சைக்காக மனைவியோடு யாழ்ப்பாண நகரிலிருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்டேன். மருமகள் வருவதற்கு முதல்நாள் ஓட்டோவில் திரும்பினோம். தீவுக்குச் செல்லும் பண்ணைப் பாலத்தைக் கடக்கும்போது கடலின் நீலம் கண்ணைப் பறித்தது. கண்புரை நீக்கியபின் நீலம் முன்னிலும் துலக்கமாகத் தெரியும் என்று மருத்துவர் முன்னரே சொல்லியிருந்தார். ஆதலால், ஊருக்குள் நுழைந்து குளத்தைக் கண்டபோது அதுவும் நீலமாகத் தெரிந்ததை மருத்துவரின் திறமை என்று கருதி மனத்துள் அவரை வாழ்த்தினேன்.

மனைவி பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, உங்கட கண்ணிலை பிழையில்லை. எனக்கும் நீலமாய்த்தான் கிடக்கு."

ஓட்டோவை நிறுத்தச் சொன்னேன். தலைவர் குடையோடு அங்கே நின்றார். ஓடி வந்து என் கையைப் பிடித்து இறக்கினார். ஒரு வீட்டுத் திறப்புவிழாவில் அறை அறையாகக் காட்டுபவரைப் போலக் காட்டினார். முதலில் மண்வாரும் பெக்கோ இயந்திரம் கொண்டுவந்து அடிவரை வழித்தெடுத்தார்களாம். பின்பு குளோரின் தூள் தூவினார்களாம். விளிம்புக்கு நீலச்சாயம் பூசினார்களாம். இறுதியாக, நகரிலிருந்து தாங்கிவண்டிகளான பவுசர்களில் நன்னீர் வருவித்து நிரப்பினார்களாம்.

எங்கள் தீவில் குடிதண்ணீர் பவுசரில்தான் வருகிறது. அது வரும் நாளில் பெண்கள் வெயிலில் குடங்களை வரிசைக்கு வைத்துவிட்டு வேலிநிழலில் இருப்பார்கள். குடிப்பதற்குக் குடத்திலே அளந்து கொடுக்கும் தண்ணீரைத் தலைவர் பார்ப்பதற்காகக் குளத்திலே ஊற்றியிருந்தார். வன்னியிலிருந்து தாமரைப்பூக்களும் வருவித்து மிதக்கவிட்டிருந்தார். அவை வேரில்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மணவறையில் களைத்துப்போனவர்களைப் போலக் கிடந்தன.

"இப்ப பாக்கிறதுக்கு ஒரு இது இருக்கெல்லோ, மாஸ்டர்?"

"வழிச்ச சேற்றை என்ன செய்தனீங்கள்?"

"அதோ? கடலிலை கொட்டியாச்சு. ஒரு துண்டு மிஞ்சேல்லை."

அதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. தாமரையைப் பார்த்துச் சொன்னார். புதிய கண் பெற்றிருந்த நான் அதனைக் கவனித்தேன், ஆயினும் பொருட்படுத்தவில்லை.

மருமகள் மறுநாள் வந்தாள். தெருமுனையில் வாழைமரம் கட்டிய வளைவு, மேளம், மாலை, நிறைகுடம். அவள் நீளமான இறப்பர்ச் சப்பாத்தும் கையில் ஒரு குளிர்பெட்டியுமாக இறங்கினாள். மாலையை அந்தச் சப்பாத்தோடு ஏற்றுக்கொண்டாள். ஊரே அவளைக் குளக்கரைக்கு நடத்திச் சென்றது. அவள் குளத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பேசவில்லை. பேச்சற்றுப்போகும் அளவுக்கு மகிழ்கிறாள் என்று சுற்றி நின்றோர் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டனர்.

"எப்பிடிப் பிள்ளை?" என்றார் தலைவர்.

"வடிவாய் இருக்கு அங்கிள்" என்றாள்.

எத்தனை ஆண்டு பனியில் வாழ்ந்தால் என்ன, அவளும் எங்களூர்ப் பெண்தான்.

வீட்டுக்கு வந்து குசினியில் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தபின்புதான் அவள் முகத்தை மூடிக்கொண்டாள். என் மனைவி அவள் முன்னே தேநீரை வைத்தாள். அவள் வேண்டாம் என்றாள். மனைவி சீனியும் வைத்தாள்.

"அழாதை பிள்ளை. வேற குளத்திலை இல்லையோ?"

"இருக்கும் மாமி. ஆனா அது கடற்சாதி, இல்லாட்டி நல்லதண்ணிச் சாதி. ரெண்டுக்கும் போய்வாறது இதுக்கை மட்டுந்தான் பாத்தனான். இருந்தது."

ஆயினும் அவள் ஓய்ந்திருக்கவில்லை. அடுத்துவந்த நாள்களில் தீவின் குளங்களையெல்லாம் நடந்து பார்த்தாள். புங்குடுதீவுக்குப் பேருந்தில் போய் மடத்துவெளிப் பக்கத்துப் பள்ளங்களையும் துழாவிவிட்டு வந்தாள். போகுமிடமெங்கும் அவளைப் பெருமளவில் உபசரித்தார்கள். டொக்டர் வந்திருக்கிறா என்று முழங்காலைக் காட்டினார்கள். தான் பார்ப்பது கண்ணுக்குத் தெரியாத உயிர்களை என்று அவள் சொன்னபோது, ஒரு முதியவர் தமக்கும் ஒரு கண் தெரிவதில்லை என்றார். பாசி கிடைக்கவில்லை. குளிர்பெட்டி வெறுமையாகவே போய் வெறுமையாகவே வந்தது. பெட்டிக்குள் அவள் கொண்டுபோன தண்ணீர்ப்போத்தல் மட்டும் குளிர்ந்தது.

அந்நாள்களில் நான் ஒன்றை அடிக்கடி நினைத்தேன். அந்தப் பாசி உப்பை வெளியே தள்ளிவிட்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. எங்கள் தீவோ உப்பை உள்ளே விட்டுவிட்டு ஆட்களை வெளியே தள்ளியது. கிணறுகள் உவராயின, வீடுகள் மாடிகளாயின, மாடிகளில் ஆளில்லை. வெளியே போனவர்கள் நன்னீர்க் குழாயடியிலிருந்து ஊரின் அழகைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். அக்கவலைதான் பெக்கோவாகவும் நீலச்சாயமாகவும் வந்து இறங்குகிறது.

மருமகள் பயணம் புறப்படுவதற்குச் சிலநாள் இருக்கையில், தலைவரின் மனைவி எங்கள் குசினிக்கு வந்தார். நான் அடுத்த அறையில் இருந்தேன். கதவு திறந்திருந்தது.

"அக்கா, டொக்டர் பிள்ளைக்கு மரம்மட்டையைப் பற்றியும் தெரியுமோ?"

"ஏன், என்ன நடந்தது?" என்றாள் என் மனைவி.

"இவர் கறுத்தக்கொழும்பான் மா ஒட்டுக்கண்டு வைச்சிருக்கிறார் எல்லோ. வளவு முழுக்க. பிள்ளைப்பேறு பாக்கிற மாதிரிப் பாத்தவர். எல்லாம் நுனி கருகி, இஸ்திரிக்கைப் பெட்டியாலை தேய்ச்ச மாதிரிக் கிடக்கு. அந்தச் சேறு போட்ட நாள் துவக்கம் இப்பிடித்தான்."

"எந்தச் சேறு?"

கதிரையொன்று விரைந்து நகரும் ஒலி கேட்டது.

"சும்மா... பசளை அக்கா. கடைப் பசளை" என்றார் தலைவரின் மனைவி. "நான் வாறன், அடுப்பிலை பால் வைச்சனான்."

அவர் வாசற்படலையைச் சாத்துமுன் என் மனைவி அறைக்குள் வந்து நின்றாள். மருமகள் ஏற்கெனவே சப்பாத்தை மாட்டிக்கொண்டிருந்தாள்.

தலைவரின் வளவு பெரிது. மாங்கன்றுகள் ஒவ்வொன்றும் தனித்தனிப் பாத்தியில் நின்றன. இலைகளின் ஓரங்கள் தீய்ந்து சுருண்டிருந்தன. பாத்திகளில் கறுத்த தகடுகள் வெயிலிற் காய்ந்து, பொரித்த அப்பளம்போல் விளிம்பு நிமிர்ந்து கிடந்தன. அவற்றின்மேல் உப்பு பூத்திருந்தது. மருமகள் முழந்தாளிட்டு ஒரு தகட்டைக் கிள்ளி உடைத்தாள். உட்பகுதியில் நூலிழைபோல ஒரு கோடு மங்கிய பச்சையாகத் தெரிந்தது.

தலைவர் விறாந்தையிலிருந்து விரைந்து வந்தார்.

"என்ன பிள்ளை, உந்த வெயிலுக்கை? உது கடையிலை வாங்கின பசளை."

"எந்தக் கடை அங்கிள்?"

"அது... தெற்குப் பக்கம். பழைய பழக்கத்திலை எடுப்பிச்சனான்."

அவர் ஏன் அவ்வாறு சொன்னார் என்பது வெளியூராருக்கு விளங்காது போகலாம். கோயிலுக்கு உரிய குளத்தின் சேறும் கோயிலுக்கே உரியது. கோயிற்காணியில் மாடு மேய்த்த ஏழைக் குடும்பத்தான் ஒருவனைப் பொதுக்கூட்டத்தில் எழுப்பி நிறுத்தி, சிவன் சொத்தைப் பற்றி நெடுநேரம் பேசியவர் இவரே. அந்த மாடு மேய்ந்தது அறுகம்புல். இவர் அள்ளியதோ குளத்தின் அடி முழுவதும்.

மருமகள் எழுந்து நின்றாள்.

"அங்கிள், எனக்கு இது வேணும். ஆனா எங்கையிருந்து எடுத்தது எண்டு நிச்சயமாய்த் தெரியாட்டி இதை வைச்சு நான் ஒண்டும் செய்யேலாது. கடைப் பசளையெண்டா இது குப்பை. எங்கட குளத்துப் படையெண்டா என்ரை ஆராய்ச்சி முழுக்க இதிலைதான் நிக்குது. நீங்கள் உண்மையைச் சொன்னாப் போதும். நான் ஒருத்தருக்கும் உங்களைக் குறை சொல்லமாட்டன்."

"நான் ஏன் பிள்ளை பொய் சொல்லப்போறன்? கடைப் பசளைதான்."

அவள் கையிலிருந்த தகட்டைப் பாத்தியில் மெல்லத் திரும்ப வைத்தாள். என் வாழ்நாளில் நான் கண்ட துயரமான செயல்களுள் அதுவும் ஒன்று. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"அப்ப என்ன பிள்ளை, கடைக்காரற்றை பேர்தான் போகும்."

தலைவர் திரும்பினார். "எங்கை போகும், மாஸ்டர்?"

"கட்டுரையிலை. இந்தச் சாதி எந்த ஊரிலை, ஆரின்ரை காணியிலை கிடைச்சது எண்டு எழுதத்தானே வேணும். உலகம் முழுக்க வாசிப்பினம். என்ன செய்யிறது, ஆரோ ஒரு பசளைக் கடைக்காரனுக்கு அந்தக் குடுப்பினை."

மருமகள் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

தலைவரின் முகத்தில் இரண்டு அச்சங்கள் ஒன்றையொன்று தள்ளின. பழி வந்து சேருமோ என்பது ஒன்று. புகழ் கைதவறிப் போகுமோ என்பது மற்றது. முதலாவது நெடுநேரம் நின்று பிடிக்கவில்லை.

"பிள்ளை, நான் ஒண்டு சொல்லுறன்" என்று தொடங்கினார். "குளத்துச் சேறுதான். பெக்கோக்காரன் முதல்நாள் வழிச்ச உடனை, குளோரின் போட முன்னமே, நான்தான் இஞ்சை ஏத்துவிச்சனான். ஆனா எனக்கெண்டு எடுக்கேல்லை."

"பின்னை?" இது விறாந்தையில் நின்ற அவர் மனைவி.

"பாதுகாக்க."

"மாங்கண்டுக்குக் கீழையோ பாதுகாத்தனீங்கள்?"

"நீர் சும்மா இரும். ஆராய்ச்சி விசயம்."

அவருடைய மனைவி சும்மா இருக்கவில்லை. ஆனால் அவர் அதன்பின் சொன்னவை இக்கட்டுரையின் நடைக்குப் பொருந்தாதவை.

மருமகள் அங்கேயே வேலையைத் தொடங்கினாள். ஒரு கண்ணாடிக் குவளை கேட்டாள். தான் கரைத்து வைத்திருந்த உவர்நீரை ஊற்றி, தகட்டின் ஒரு துண்டை இட்டு, மதிலின்மேல் வெயிலில் வைத்தாள். நாங்கள் விறாந்தையிலிருந்து பார்த்தோம். எல்லோருக்கும் தேநீர் வந்தது. எல்லோரும் வேண்டாம் என்றோம், எல்லோரும் குடித்தோம். தகடு ஊறிக் கருமை நெகிழ்ந்தது. முதலில் ஒன்றும் நிகழவில்லை. நடுப்பகல் சாய்கையில் அதன் மேற்பரப்பில் கடுகளவு குமிழி ஒன்று தோன்றி நின்றது. பின் அதன் பக்கத்தில் இன்னொன்று. வெயிலைக் கொண்டு உணவாக்கி அது ஒட்சிசனை விடுகிறது என்றாள். சொல்லும்போது மூக்கை உறிஞ்சினாள்.

"இவ்வளவு நாளும் காய்ஞ்சு கிடந்ததெல்லோ?" என்றாள் என் மனைவி.

"ஓம் மாமி. இப்ப முதல் வேலையாய் உள்ளுக்கை போன உப்பைத் தள்ளத் துவங்கியிருக்கும்."

"மாங்கண்டு தள்ளேல்லையோ?" என்று தலைவரின் மனைவி கேட்டார்.

"மாங்கண்டாலை ஏலாது அன்ரி. நல்லதண்ணியாலை பாத்தியைக் கழுவி விடுங்கோ. சிலது தப்பும்."

ஆகவே மீண்டும் ஒரு பவுசர் வந்தது. இம்முறை மாங்கன்றுகளுக்கு. குடங்களோடு நின்ற பெண்களைக் கடந்து அது தலைவரின் வளவுக்குள் திரும்பியது. ஒரு பெண் தன் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "எங்களையும் ஒட்டி நட்டிருந்தா எங்களுக்கும் வந்திருக்கும்" என்றாள்.

குளிர்பெட்டி நிறைந்தது. மருமகள் நகரத்து ஆய்வுகூடத்தில் எஞ்சிய நாள்களைக் கழித்தாள். ஒரு பகுதியை உவரில் வைத்தாள். இன்னொரு பகுதியைச் சிறிது சிறிதாக நன்னீருக்குப் பழக்கினாள். மென்சவ்வைப் பிரித்தெடுத்து அதன் நொதியங்களை அளந்தாள். உவரில் அவை மிகுந்தும் நன்னீரில் ஒடுங்கியும் காணப்படுகின்றன என்று தொலைபேசியிற் சொன்னபோது, அவள் குரலில் எந்தச் சிரிப்பும் இல்லை. ஆகவே அச்சம் நீங்கிவிட்டது என்று அறிந்துகொண்டேன்.

பிரியாவிடைக் கூட்டம் குளக்கரையில் நடந்தது. அழியவிருந்த அரிய உயிரொன்றைத் தம் சொந்தக் காணியில் வைத்துக் காப்பாற்றிய வரலாற்றைத் தலைவர் ஒலிபெருக்கியில் விரித்துரைத்தார். கைதட்டல் பலமாக இருந்தது. மாடு மேய்த்தவனும் தட்டினான். மருமகளை வாழ்த்தி நான் இயற்றிய வெண்பாக்களில், தம்மைப் பற்றியும் ஒன்று இருந்தால் நன்று என்று தலைவர் முன்னரே குறிப்புணர்த்தியிருந்தார். இயற்றிக் கொடுத்தேன். அந்த ஒரு வெண்பாவில் மட்டும் ஈற்றடியில் தளை தட்டுகிறது. தட்டட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் அதனைச் சட்டமிட்டு மண்டபத்தில் மாட்டியிருக்கிறார். தட்டும் இடத்தை ஒருவரும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

ஐப்பசியில் மழை பெய்தது. நீலச்சாயம் உரிந்தது. தாமரைகள் என்றோ அழுகிவிட்டன. குளத்தின் ஓரங்களில் மெல்லிய பச்சை படரத் தொடங்கியது. எங்கோ ஒரு கற்பிளவில், ஏதோ ஒரு தகப்பனின் பெயருக்கடியில், சிறிது தப்பியிருந்திருக்க வேண்டும். மருமகளுக்கு நிழற்படம் எடுத்து அனுப்பினேன். நிதியுதவியை நீடித்துவிட்டார்கள் என்றும், வரும் ஆவணியில் குளத்திலேயே எடுக்க வருகிறேன் என்றும் மறுமொழி வந்தது. அதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்.

"நல்லது. இஞ்சாருங்கோ, அவள் வாறதை ஒருத்தருக்கும் மூச்சு விடாதேங்கோ" என்றாள்.

விடவில்லை. ஆயினும் கடந்த கிழமை தலைவர் தெருவில் என்னை மறித்தார். அவருடைய மாங்கன்றுகளிற் சில தளிர்த்திருந்தன. மகிழ்ச்சியாக இருந்தார்.

"மாஸ்டர், டொக்டர் பிள்ளை இந்த முறையும் குளம் பார்க்க வருவாவோ?"

"இல்லை" என்றேன். சிந்திக்க நேரமில்லாமல் மேலும் ஒன்று சொன்னேன். "இந்த முறை நெடுந்தீவுப் பக்கம் ஒரு குளம் பார்க்கப் போறாவாம்."

தலைவர் சற்று நேரம் வருந்தினார். பின்னர் முகம் மலர்ந்து, சட்டைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்தார்.

"நெடுந்தீவோ? அங்கை என்ரை சம்பந்தி இருக்கிறார். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. இப்பவே சொல்லி, குளத்தை ஒருக்கால் வடிவாய்த் துப்புரவாக்கி வைப்பிக்கிறன்."

"ஒண்டும் வேண்டாம்" என்றேன்.

அவர் என் தோளைத் தட்டிவிட்டு எண்ணை அழுத்தினார்.